நான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன காய்ச்சல்

முதலில் வலித்தது கண்தான். ஏலச்செடிக்கு அடியில் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காய்ச்சரத்தைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினால், கண்ணுக்குப் பின்னால் யாரோ விரலை வைத்து அமுக்குகிற மாதிரி இருந்தது. தலையைத் திருப்பினால் வலியில்லை. கண்ணை மட்டும் உருட்டினால் வலித்தது. இதென்னடா கூத்து என்று அன்று முழுக்கத் தலையைத் திருப்பித் திருப்பியே காய் எடுத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் இடுப்பு கழன்றது. கால் குடைந்தது. ஏலத்தோட்டத்தில் பதினோரு வருஷமாகக் குனிந்து எழுகிற உடம்புக்கு இதெல்லாம் புதுசா? நான் கண்டுகொள்ளவில்லை. சாயங்காலம் ஜீப் மலையை விட்டு இறங்கிப் போடிக்கு வந்தது. கீழே புழுக்கம். எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்தார்கள். எனக்கு மட்டும் பல் கிட்டித்தது. அப்போதுதான் லேசாகப் பயம் வந்தது.

உடம்பு முடியாத நிலையிலும் சோலிக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். வைத்தியம் சொல்லத் தெரியாது. எனக்கு நடந்ததைச் சொல்லத் தெரியும். அதில் என்னை நல்லவளாகக் காட்டுகிற இடம் ரொம்பக் கிடையாது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஈஸ்வரி. ஊர் சிலமலை. வீட்டுக்காரர் லாரி டிரைவர், வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப இருபது நாளாகும். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தோம், கைக்குழந்தை வைத்திருக்கிறாள். ஆக, வருஷத்தில் பாதி நாள் நானும் என் வீட்டுச் சுவருந்தான். அதனாலேயோ என்னவோ எனக்கு ஜீப் என்றால் அவ்வளவு பிடிக்கும். விடியுமுன் ஐந்து மணிக்கு ஏறினால் பேச்சும் சிரிப்புமாக மலைக்குப் போய், பேச்சும் சிரிப்புமாக இறங்குவோம். பதினாறு பேர். அந்தப் பதினாறு பேரையும் சேர்க்கிறவள் நான். யார் வரவில்லையோ அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டு இழுத்துக்கொண்டு வருகிறவளும் நான்தான்.

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அதற்கு முந்தின மாதம் எங்கள் வண்டியில் வருகிற முத்துலட்சுமி என்ற பிள்ளை காய்ச்சல் என்று மூன்று நாள் படுத்துக்கொண்டது. நாலாம் நாள் வந்து ஏறியதும் விட்டேனா? "ஏத்தா, காய்ச்சலைப் பக்கத்துல போட்டுத் தாலாட்டுப் பாடிக்கிட்டு இருந்தியாக்கும்? மலையேறிப் பத்துச் செடி குனிஞ்சு எடுத்தா, காய்ச்சல் தன்னால ஓடிப்போகாதா? பதினோரு வருஷத்துல நான் ஒரு நாள் படுத்துருக்கேனா?" என்றேன். வண்டியே சிரித்தது. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. நானும் சிரித்தேன்.

கண் வலித்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் போடியிலேயே இறங்கி ஒரு கிளினிக்கில் காட்டினேன். சின்ன வயசு டாக்டரம்மா. மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துச் சோதித்தார். கால் மணி நேரத்தில் கூப்பிட்டு, "இன்ஃப்ளூயன்சா இருக்கும்மா" என்றார். (இது சாதாரணச் சளித் தடுமன் இல்லை. நுரையீரல் வரை இறங்கக்கூடிய ஒரு வைரஸ் காய்ச்சல். ஒருவர் மூச்சிலிருந்து இன்னொருவருக்குப் போவது.)

"எங்க வேலை பார்க்கிறீங்க?"

"ஏலத்தோட்டம்."

"எப்படிப் போவீங்க?"

"ஜீப்புல."

"எத்தனை பேரு?"

"பதினாறு பேரும்மா."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டார். "அந்த ஜீப்புல மட்டும் அஞ்சு நாளைக்கு ஏறாதீங்க. மாத்திரை போட்டா உங்களுக்குக் காய்ச்சல் இறங்கிரும், நல்லாயிட்ட மாதிரி இருக்கும். ஆனா கிருமி மூச்சுல வந்துக்கிட்டேதான் இருக்கும். மாத்திரையே போடாம ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாம இருந்தாத்தான் நாலு பேரு நடுவுல போகலாம். அதுக்குள்ள மூச்சு வாங்கினா உடனே வந்துருங்க. புரியுதா?"

"புரியுதும்மா" என்றேன். புரியத்தான் செய்தது. வீட்டில் யாருக்காவது இளைப்பு, சர்க்கரை இருக்கிறதா, கர்ப்பிணி யாரும் இருக்கிறார்களா என்றும் கேட்டார். வீட்டில் யாருமே இல்லை என்றேன். ஜீப்பைப் பற்றிய கேள்வி முடிந்துவிட்டதாக நானே வைத்துக்கொண்டேன். ஒரு சீட்டு, இரண்டு வகை மாத்திரை, ஒரு முகக்கவசம். மூன்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விடியுமுன் ஏன் எழுந்து கிளம்பினேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். காய் பழுத்து நின்ற சுற்று அது, விட்டால் வெடித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நான் ஒருத்தி போகாவிட்டால் தோட்டம் அழிந்துவிடாது. கஞ்சிக்கு இல்லாமலும் இல்லை. முத்துலட்சுமி முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் காரணம். "என்னக்கா, தாலாட்டா?" என்று அது கேட்டுவிட்டால்? வாய்க்கொழுப்பு எடுத்துப் பேசியவளுக்கு வீட்டில் படுக்கிற தைரியம் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. அஞ்சு நாள் அந்த வீட்டில் தனியாகக் கிடக்க எனக்குப் பயமாக இருந்தது.

காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். முகக்கவசம் பையிலேயே கிடந்தது. அதைப் போட்டால் என்ன ஏது என்று கேட்பார்களே.

எங்கள் வண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சலோடு வருகிறவரை ஓரத்தில் உட்காரவிட மாட்டோம். நடு இடத்தில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கி அணைத்துக்கொள்வோம். ஜீப்பின் படுதாவை நாலு பக்கமும் இறக்கிக் கட்டிவிடுவோம். மலைக்காற்று பட்டால் காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிடும் என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம். யார் சொல்லி வந்ததோ தெரியாது. நானே எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்திருக்கிறேன், ரொம்பப் பாசமாக.

முந்தல் தாண்டி மலைரோடு ஏறும்போது எனக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. எதிரே உட்கார்ந்திருந்த செல்வராணி பார்த்துவிட்டாள்.

செல்வராணி எனக்கு யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் தெருக்காரி. அவள் வீட்டுக்காரன் ராமர் எனக்குத் தம்பி முறை, அதனால் அவள் என்னை மதினி என்பாள். என்னைவிட நாலு வயது சின்னவள். தோட்டத்தில் பதினோரு வருஷமும் என் பக்கத்துச் செடி அவளுடையது. சின்னப் பிள்ளையிலிருந்தே அவளுக்கு இளைப்பு (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்குவது) உண்டு. பனிக்காலத்தில் அவள் நெஞ்சு விசில் அடிப்பது எனக்குக் கேட்கும். "என்னடி, ரயில் வருதா?" என்று கேலி செய்வேன். டாக்டரம்மா இளைப்பு என்று கேட்டாரே, அந்த இளைப்பு.

"மதினி, காயுதுல்ல? மூஞ்சியே சரியில்லையே."

"நேத்து மழையில நனைஞ்சதுத்தா. லேசாத்தான். எறங்குறதுக்குள்ள சரியாயிரும்."

"பேசாம இங்கிட்டு வாங்க." என்னை எழுப்பி நடுவில் உட்காரவைத்து, தன் கம்பளித் துண்டை எடுத்து என் காதைச் சுற்றிக் கட்டினாள். தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "ஏப்பா பாண்டி, வண்டிய நிறுத்து. படுதாவை எறக்கு" என்று டிரைவரைச் சத்தம் போட்டாள்.

பாண்டி இறங்கிச் சுற்றிலும் இழுத்துக் கட்டினான். உள்ளே இருட்டு, பதினாறு பேர் மூச்சு. கொஞ்ச நேரத்தில் படுதாவின் பிளாஸ்டிக் ஜன்னலில் வேர்த்துத் தண்ணீர் ஓடியது. தோட்டம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் இருமினேன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. ஒருத்தி நெற்றியில் தைலம் தேய்த்தாள். ஒருத்தி தன் தம்ளரில் கட்டன் டீ ஊற்றிக் கொடுத்தாள். முத்துலட்சுமி என் காலைப் பிடித்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கதகதப்பு அவ்வளவு நன்றாக இருந்தது.

அப்படி மூன்று நாள் போனேன். மூன்று நாளும் நடு இடம், மூன்று நாளும் செல்வராணி தோள், மூன்று நாளும் படுதா.

மூன்றாம் நாள் சரிவில் ஏறும்போது பத்தடிக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன். மத்தியானம் எழுந்திருக்கவே முடியவில்லை. நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தாற்போல் இருந்தது. உதடு நீலமாகிவிட்டது என்று யாரோ சொன்னது கேட்டது. பாண்டிதான் தூக்கிப் போட்டுக்கொண்டு நேரே தேனிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டான். செல்வராணி கூடவே வந்து, என்னைச் சேர்த்துவிட்டு, கடைசி பஸ்சுக்குப் போனாள். போகும்போது அவளும் இருமினாள். நான் கேட்டேன். கேட்கத்தான் கேட்டேன்.

நிமோனியா என்றார்கள் (நுரையீரலில் சளி கோத்துக்கொண்டு காற்றுப் போக இடமில்லாமல் போவது). இங்கேயும் குச்சி விட்டுப் பார்த்து அதே இன்ஃப்ளூயன்சாதான் என்றார்கள். முன்னமே சோதித்தாயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் ஒரு கிளிப் (ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுவது), கையில் ஊசி. வாசலோரம் தனிக் கட்டில். மற்ற கட்டில்களில் இருந்து என்னைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். தொற்று என்பதால் பார்க்க வருகிறவர்களும் எட்டவே நிற்க வேண்டும். எனக்கு நிற்கவும் ஆளில்லை.

வீட்டுக்காரர் போனில், "நாக்பூர் தாண்டிட்டேன் ஈஸ்வரி, லோடை எறக்கிட்டு ஓடியாந்துர்றேன்" என்று அழுதார். மகள் கிளம்பி வருகிறேன் என்றாள். "பச்சப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சுப்புடுவேன்" என்றேன். மகள் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்த எனக்கு, ஜீப்பில் இருந்தவர்களுக்கு ஒட்டும் என்று தெரியாமலா இருந்தது? போனை வைத்ததும் அந்தக் கேள்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. வேறு யார் வந்தார்கள், அதுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் காலையில் குழாயைக் கழற்றி, கழிப்பறை வரை நடக்கச் சொன்னார்கள். வராந்தாவில் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போகிறேன், பெஞ்சில் ராமர் உட்கார்ந்திருக்கிறான். காலடியில் ஒயர்கூடை, தூக்குவாளி.

"யக்கா! நடக்குறீங்களா? சாமி கண்ணத் தொறந்துருச்சு" என்று எழுந்தான். "செல்வராணியும் இங்கதான் இருக்காக்கா. முந்தாநாள் ராத்திரியில இருந்து. மூச்சே விட முடியல அவளுக்கு."

"என்னப்பா சொல்ற?"

"பூச்சிமருந்தடிச்ச காத்துக்கா. பக்கத்துத் தோட்டத்துல அன்னைக்கு மருந்தடிச்சான்ல, அதை இழுத்துட்டீங்க எல்லாரும். டாக்டருகிட்டயும் அதான் சொல்லியிருக்கேன். பாண்டி படுத்துட்டான், முத்துலட்சுமி படுத்துருச்சு, வண்டியில ஒம்போது பேருக்கு இருமல். பாண்டியோட பச்சப்பிள்ளைக்கும் காய்ச்சல். ஊரே கொதிச்சுப்போய்க் கெடக்கு. தோட்டத்துக்காரன விடப்போறதில்லைக்கா."

பாண்டியின் பிள்ளை மலைக்கே வந்ததில்லை. மருந்துக்காற்று அதுக்கு எப்படிப் பட்டது என்று ராமர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

"நீங்க ஒத்தையில கெடப்பீங்கன்னு உங்களுக்குஞ் சேர்த்துத்தான் கஞ்சி கொண்டாந்தேன்" என்று தூக்குவாளியைத் திறந்து, மூடியில் ஊற்றிக் கொடுத்தான்.

நான் வாங்கிக் குடித்தேன்.

அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். தம்பி, அது மருந்தும் இல்லை மண்ணும் இல்லை, நான் கொண்டுவந்த காய்ச்சல், ஓடிப்போய் டாக்டரிடம் சொல்லு என்று. மூன்றே வார்த்தைதான். கஞ்சி நன்றாக இருக்கிறது என்றேன்.

கட்டிலுக்குத் திரும்பிப் படுத்தேன். எனக்குக் கொடுத்த வைரஸ் மாத்திரையை எடுத்துப் பார்த்தேன். ஓசல்டாமிவிர் என்று பெயர் (வைரஸ் உடம்பில் பெருகாமல் தடுப்பது). இதை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மருந்துக்காற்றுக்குப் பார்க்கிற வைத்தியம் வேறு. அவளுக்கு இந்த மாத்திரை போகிறதா? நர்சம்மா வந்தபோது கேட்டேன்.

"நான் இந்த வார்டு நர்சும்மா, அந்த வார்டுல என்ன நடக்குதுன்னு எனக்கெப்படித் தெரியும்? அது ஏதோ பூச்சிமருந்து கேசுன்னாங்க. குச்சி விட்டு எடுத்துருக்காங்களாம், ரிசல்ட்டு நாளைக்குத்தான் வரும். நீங்க மொதல்ல உங்க மூச்சைப் பாருங்க" என்று போய்விட்டார்.

நாளைக்கு. அதுவரை பேசாமல் இருந்தால் அந்தச் சோதனையே சொல்லிவிடும், யார் கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். இப்படியும் ஒரு கணக்குப் போட்டது என் மனசு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மத்தியானம் வரை அந்த நினைப்போடுதான் படுத்திருந்தேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எழுந்து அவள் வார்டுப் பக்கம் போனேன். கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தாள். மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிய மாஸ்க், அதிலிருந்து மெஷினுக்கு ஒரு குழாய் (தானாக மூச்சு இழுக்க முடியாதவர்களுக்கு அழுத்திக் காற்றுத் தருவது). ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. கண் திறந்துதான் இருந்தது, என் பக்கம் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டு, அடுத்த மூச்சுக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். ஐயோ, இவளையா நான் ரயில் என்று கேலி பண்ணினேன்?

அங்கேயே நின்றேன். ஒரு டாக்டர் வெளியே வந்தார், நடுவயசுக்காரர். "ஏம்மா இங்க நிக்கிறீங்க, உங்க கட்டிலுக்குப் போங்க" என்றார். அவர் முழங்கையைப் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகுதான், தொடக்கூடாதே என்று கையை எடுத்தேன்.

"சார், அந்தப் பொம்பளைக்கு மருந்துக்காத்து இல்ல சார். எனக்கு இன்ஃப்ளூயன்சா. போடியில ஆறு நாளைக்கு முன்னமே டெஸ்ட் எடுத்துச் சொல்லிட்டாங்க. ஜீப்புல ஏறாதேன்னாங்க. நான் ஏறுனேன் சார். மூணு நாளு இவ தோள்லதான் சாஞ்சுக்கிட்டுப் போனேன். படுதாவை மூடிக்கிட்டு."

மூச்சு வாங்கியதால் ஒவ்வொன்றாகத்தான் சொல்ல முடிந்தது. அவர் முழுக்கக் கேட்டார். உடனே உள்ளே திரும்பி நர்சைக் கூப்பிட்டு மாத்திரையின் பெயரைச் சொன்னார், ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றார். திரும்பி என்னிடம், "வண்டியில வந்த மத்தவங்களையும் உடனே வந்து காட்டச் சொல்லுங்க" என்றார். அப்புறம் மெதுவாக, "காலையிலேயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"காலையில சொல்லியிருந்தா வித்தியாசம் இருக்குமா சார்?"

"அது யாராலயும் சொல்ல முடியாது. எவ்வளவு முன்னாலயோ அவ்வளவு நல்லது. அவ்வளவுதான்."

திரும்பினால் ராமர் நிற்கிறான். எவ்வளவு நேரமாக நின்றானோ. என் முகத்தைப் பார்த்தான். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். என் கட்டிலுக்கு வந்து தூக்குவாளி மூடியை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் கஞ்சி வரவில்லை.

ஜீப்பில் இருந்தவர்களுக்கு நானே ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொன்னேன். சிலர் திட்டினார்கள், சிலர் வைத்துவிட்டார்கள். முத்துலட்சுமி மட்டும், "சரிக்கா, போய்ப் பார்க்குறோம். நீங்க மாத்திரையப் போடுங்க" என்றது. அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது. பாண்டியின் பிள்ளை தேறியது. மற்றவர்களும் தேறினார்கள். செல்வராணி பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உயிர் வந்துவிட்டது. நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது, இனி மலையேறி வேலை செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு டாக்டர் விளக்கிச் சொன்னதை இங்கே சொல்லிவிடுகிறேன். இருமினால்தான் பரவும் என்று நாம் நினைக்கிறோம். பேசினாலும், சும்மா மூச்சுவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத தூறல் வருகிறதாம். தோட்டத்தில் செடிக்குச் செடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போது காற்று அதைக் கலைத்துவிடும். மூடிய வண்டியில் அது போக இடமில்லாமல் அங்கேயே சுற்றும். உடம்புக்கு முடியாமல் போவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவ ஆரம்பிக்குமாம். அந்த ஒரு நாள் நம் கையில் இல்லை. அதற்கப்புறம் வருகிற நாட்கள் நம் கையில் இருக்கின்றன. எனக்கும் படுத்திருந்தால் நெஞ்சுக்கு இறங்காமலே போயிருக்கலாம். போகாமல் முடியாது என்ற நிலை வந்தால் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, படுதாவைத் தூக்கிக் கட்டிவிட்டு, ஓரத்தில் உட்காருங்கள். கூட வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் பத்து நாள் இருந்து சமைத்துப் போட்டுவிட்டு அடுத்த லோடுக்குப் போனார். ஊரில் யாரும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன், எனக்கு அது தெரியும். தண்ணீர்க் குழாயடியில் நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். விடிகாலை ஐந்து மணிக்கு ஜீப் தெருமுனையில் நிற்கிற சத்தம், பொம்பளைகள் ஏறுகிற சத்தம், கிளம்புகிற சத்தம் எல்லாம் படுக்கையில் கிடந்தே கேட்பேன். அப்புறம் சாயங்காலம் வரை சத்தமே இருக்காது.

ஒன்றரை மாதம் கழித்து, நடந்தால் மூச்சு வாங்காத ஒரு நாளாகப் பார்த்துச் செல்வராணி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எலும்பாக இருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நிலைப்படியிலேயே நின்று முழுக்கச் சொன்னேன். டாக்டரம்மா, சீட்டு, முகக்கவசம், முத்துலட்சுமி, காலையிலிருந்து மத்தியானம் வரை நான் படுத்திருந்தது எல்லாம்.

உரித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "காய்ச்சல்னு எனக்குத் தெரியும் மதினி. உங்க மூச்சு கழுத்துல சுட்டுச்சு. தெரிஞ்சுதான் சாச்சுக்கிட்டேன்" என்றாள். நிறுத்தி மூச்சு எடுத்தாள். "டாக்டரு ஏறாதேன்னு சொன்னது எனக்குத் தெரியாதுல்ல. சொல்லியிருந்தா நான் எறங்கியிருப்பேன், இல்லாட்டி எறங்காமக்கூட இருந்துருப்பேன். அது என் இஷ்டம். அதை நீங்க என்கிட்டக் கேக்கவே இல்லையே."

"தப்புதான்த்தா."

"தப்புதான்" என்றாள். அடுத்த பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். நானும் வந்துவிட்டேன்.

இப்போது நான் திரும்ப மலைக்குப் போகிறேன். மூன்று மாதம் கழித்துப் பாண்டியே வாசலுக்கு வந்து, "ஏறுங்கக்கா" என்றான். ஆள் சேர்ப்பது இப்போது முத்துலட்சுமி. ஏறும்போதே ஒவ்வொருவரிடமும் உடம்பு எப்படி என்று கேட்கிறது. குளிருக்கு எல்லோரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுதாவைத் திறந்தே போட்டுப் போகிறோம். என் பக்கத்துச் செடியில் வேறொருத்தி எடுக்கிறாள்.

உடம்பு பழைய உடம்பு இல்லை. முன்பெல்லாம் உடம்பு என்று ஒன்று இருப்பதே நினைப்பில் இருக்காது, வேலைதான் இருக்கும். இப்போது சரிவில் ஏறும்போது மூச்சு உள்ளே போவது தெரிகிறது, வெளியே வருவதும் தெரிகிறது. வெளியே வந்தது எங்கே போகிறது என்று யோசிக்கிறேன். நேரமும் அப்படித்தான். பதினோரு வருஷம் எப்படிப் போனது என்று கேட்டால் தெரியாது. ஒரு காலையிலிருந்து மத்தியானம் வரை எவ்வளவு நீளம் என்று கேட்டால் தெரியும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தொண்டை கரகரத்தது. உடம்பு லேசாகக் காய்ந்தது. சாதாரணத் தடுமனாகவும் இருக்கலாம். பாண்டிக்குப் போன் போட்டேன். "நாளைக்கு வரலப்பா. எனக்குக் காய்ச்சல். என்ன காய்ச்சல்னு காட்டிட்டுச் சொல்றேன். வண்டியில எல்லார்ட்டயும் சொல்லிரு, இன்னைக்கு என் பக்கத்துல உக்காந்தவங்க கொஞ்சம் பார்த்துக்கிறட்டும்" என்றேன். இந்த நாலு வரியைச் சொல்ல எனக்கு வேர்த்துவிட்டது.

மறுநாள் விடிகாலை ஜீப் போன சத்தம் கேட்டது. முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு போடிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டேன். வெறும் தடுமன்தான். ஆனாலும் படுத்திருக்கச் சொன்னார்கள். அன்று பூராவும் ஒரு குரல் கேட்கவில்லை. என் இருமலை நானே கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

நாலு மணி இருக்கும். ஜன்னலுக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கிறாற்போல் இருந்தது. எழுந்து பார்த்தேன். செல்வராணி. முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடியிருந்தாள். அவள் வீட்டுக்குப் போய்வந்த நாளிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"காய்ச்சலாமே?" என்றாள் அங்கிருந்தபடியே.

"ஆமா. கிட்ட வந்துராதத்தா."

"வரல."

நடுவில் ஒரு சைக்கிள் போனது.

"வண்டிக்காரன்ட்ட நீங்களே சொன்னீங்களாமே?"

"சொன்னேன்."

தலையை ஆட்டினாள். ஏதோ சொல்ல வந்து, மூச்சுக்காக நிறுத்தினாள். அப்புறம், "இப்பச் சொல்லத் தெரியுதுல்ல" என்றாள்.

திரும்பி நடந்தாள். அவள் வீடு எங்கள் தெருவிலேயே ஏழாவது வீடு. அங்கே போய்ச் சேருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் உள்ளே போகிற வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.